மூன்று விரல் ஆட்டம்

வண்டியை விலைக்குக் கேட்டு வந்த கண் டாக்டர் ஸ்டியரிங் வீலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டு, மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்திக் காட்டினார். அவ்வளவு தூரம் வீல் சும்மா சுற்றுகிறது, அதற்குப் பிறகுதான் டயர் அசைகிறது என்று அர்த்தம். மற்றபடி வண்டியின் மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத, நான் பிறப்பதற்கு முன்பே ரோட்டுக்கு வந்துவிட்ட ஸ்போர்ட்ஸ் கார். இந்த ஆட்டத்தை மட்டும் சரிபண்ணி வையுங்கள், சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். வண்டிக்குச் சொந்தக்காரியான என் அக்கா, யாரோ ஒருத்தருடைய வண்டியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வண்டியின் கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்தினாலே என் முதுகில் ஒன்று வைப்பவள் அவள். ஐம்பத்திரண்டு வயது. மருந்துக் கடையைப் பூட்டிய கையோடு வண்டியில் ஏறி ஒரு சுற்று போய்விட்டு வராமல் வீட்டுப் படி ஏறமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கத்தோடு எங்காவது கிளம்பிவிடுவாள். அப்படிப்பட்டவள் பதினொரு மாதமாக பஸ்ஸில் போகிறாள். டாக்ஸியில் முன் சீட்டு காலியாக இருந்தாலும் பின்னால்தான் உட்காருகிறாள்.

பதினொரு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்துக்காரர்களோடு மலை ஏறும்போது, ஒரு வளைவில் வண்டி உட்பக்கமாகப் போய்க் கல்சுவரில் மோதியது. மோதிய பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அத்தான். தொடை எலும்பு இரண்டாகப் போயிற்று. இரண்டு ஆபரேஷன். இப்போது கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது, இனிமேலும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். வளைவில் வீலைத் திருப்பிவிட்டு, வளைவு முடிகிற இடத்தில் கையைத் தளர்த்தினால் போதும், வீல் தானாகச் சுற்றி நேருக்கு வந்துவிடும். அக்கா அப்படித் தளர்த்தாமல் பயத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அதனால்தான் வண்டி திரும்பியபடியே போய் மோதியது. இதுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. அக்காவே வாய் ஓயாமல் சொல்லுகிற கதையும் இதுதான்.

ஆனால் முதல் நாள் அவள் சொன்னது வேறு. ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தானை உள்ளே கொண்டுபோன பிறகு, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நான் கையை விட்டேன்டா. அது திரும்பி வரல" என்றாள். இரண்டு நாள் கழித்து அத்தானுக்கு நினைவு தெளிந்தது. அவர் படுக்கையில் இருந்தபடி, "நீ விடல. இறுக்கிப் பிடிச்சிருந்தே. நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்" என்றார். கால் போனவர் சொல்லும்போது யார் எதிர்ப்பேச்சு பேசுவார்கள்? அக்கா அதற்கப்புறம் தான் சொன்னதை ஒரு தடவைகூட திருப்பிச் சொல்லவில்லை.

சரி, மென்று முழுங்கி என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் அந்த ஸ்டியரிங்கை இறுக்கிக் கொடுத்தவன் நான்தான். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், வாய்தான் கொஞ்சம் நீளமே தவிர கை சுத்தம் என்று பெயர். மோதிய வண்டி அன்றிலிருந்து என் பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டுக் கிடந்தது. டிங்கர் வந்து உடம்பை நிமிர்த்திவிட்டுப் போனார். ஸ்டியரிங் பெட்டியைத் திறந்து பார்க்க மட்டும் பதினொரு மாதத்தில் எனக்கு நேரமே கிடைக்கவில்லை. தலைக்கு மேல் வேலை என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் மூன்றாவது மாதமே, அதே வண்டிக்குப் பொருந்துகிற இன்னொரு பெட்டியை வெளியூரிலிருந்து வரவழைத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன். எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

சனிக்கிழமை காலை அக்கா டாக்ஸியில் கடைக்குப் போகிற வழியில் அத்தானைப் பட்டறையில் இறக்கிவிட்டுப் போனாள். அவர்தான் வரவேண்டும் என்று அடம் பிடித்திருக்கிறார். சனியன் ஒழிகிறதை என் கண்ணால் பார்க்கவேண்டும் மாப்பிள்ளை என்று சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு, தடியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர். பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் குனிந்து எழுதியவர். அக்கா மேல் கை நீட்டியது கிடையாது, குரலை உயர்த்தியது கிடையாது. அதனால்தான் அன்றைக்கு அவரோடு பேச எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

பெட்டியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். இது தேறாவிட்டால் அலமாரியில் இன்னொரு பெட்டி இருக்கிறது என்று அத்தானிடம் சொல்லிவைத்தேன். உள்ளே பெரிய சமாச்சாரம் ஒன்றும் கிடையாது. வீலோடு சேர்ந்து சுற்றுகிற தண்டு ஒன்று, அதன்மேல் சுற்றிச் சுற்றிப் புரி வெட்டியிருக்கும். அந்தப் புரிக்குள் கட்டைவிரல் கனத்தில் ஒரு முளை ஓடும். வீல் சுற்றினால் முளை நகரும், முளை நகர்ந்தால் டயர் திரும்பும். தேய்ந்து ஆட்டம் கண்டால் இறுக்குவதற்கு மேலே ஒரே ஒரு ஸ்க்ரூ. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டி நேராகப் போகும்போது முளை நெருக்கமாக உட்காரும். முழுக்கத் திருப்பினால் கொஞ்சம் தளர்வாக இருக்கும். அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆகையால் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்னால் டயரை நேராக வைக்கவேண்டும். திரும்பியிருக்கும்போது தளர்வு தெரிகிறதே என்று முறுக்கிவிட்டால், நேருக்கு வரும்போது முளைக்கு இடமே இருக்காது. போய் இறுகி நின்றுவிடும்.

இது எனக்குத் தெரியாத பாடம் இல்லை. ஆனால் என் பட்டறை இருக்கிறதே, அதன் நட்டநடுவில் ஒரு தூண். கட்டினவன் கையை ஒடிக்கவேண்டும். அந்தத் தூணைத் தாண்டி எந்த வண்டியை உள்ளே தள்ளினாலும் வீலை முழுக்க ஒடித்துத்தான் தள்ளவேண்டும், நிற்கும்போதும் ஒடித்தபடியேதான் நிற்கும். அதனால் என்னிடம் வேலை செய்த எல்லோருக்கும் முதல் பாடமே, வண்டி நின்றதும் கீழே ஜாக்கி போட்டு டயரை நேராக்கு என்பதுதான். மலைக்குப் போவதற்கு முந்தின நாள் அக்கா தலைமாட்டில் நின்றுகொண்டு, இன்னும் ஆகவில்லையா, விடிந்தால் மலைக்குப் போகணும், நீ பேசுகிற நேரத்துக்கு ரெண்டு வண்டி பார்த்திருக்கலாம் என்று என் உயிரை எடுத்தாள். நானும் சரிக்குச் சரி வாயாடிக்கொண்டே பானெட்டைத் திறந்து ஸ்க்ரூவை முறுக்கினேன். பத்து நிமிஷம். தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தேன். ஆட்டம் போயிருந்தது. வீல் கொஞ்சம் கனத்தது. இறுக்கமா இருந்தாத்தான் நல்லது, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று அக்காவிடம் நான்தான் சொன்னேன்.

டயரை நேராக்கினேனா இல்லையா என்று பதினொரு மாதம் யோசித்துப் பார்த்துவிட்டேன். நேராக்கிய ஞாபகம் எனக்கு இல்லை.

தண்டை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்தேன்.  இரண்டு ஓரமும் பளபளவென்று புதிதுபோல இருந்தது. நடுவில் மட்டும் புரியின் சுவர் உரசிய சூட்டில் நீலம் பாய்ந்து, உலோகம் வழித்துவிட்டதுபோல இழுபட்டிருந்தது. முளையின் நுனி நொறுங்கிப்போயிருந்தது. அப்படியே துணியைப் போட்டு மூடினேன். அத்தான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து லேத்காரர் உள்ளே வந்தார். இன்னொரு வண்டிக்குக் கடைந்த புஷ் ஒன்றைக் கொடுக்க வந்தவர். நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர், ஆனால் ஒரு இரும்புத் துண்டைப் பார்த்துவிட்டால் கையில் எடுக்காமல் போகமாட்டார். துணியை விலக்கி, தண்டை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் நடுவில் சுரண்டினார். நான் டீ சாப்பிடலாமா என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"முளை உடைஞ்சது மோதினதுல. அது புது ஒடிசல். ஆனா இந்த நடுவுல இருக்கறது அதுக்கு முன்னாடியே அரைச்சிருக்கு," என்றார். "டயர் திரும்பி இருக்கறப்ப எவனோ ஸ்க்ரூவ முறுக்கியிருக்கான். இத வச்சுட்டு வளைவுல கையை விட்டா வீல் எங்க திரும்பும்? பாதியில நின்னுடும்."

எவனோ. அவருக்குத் தெரியாது, பாவம். நான் அவர் கையிலிருந்து தண்டை வாங்கி வைத்துவிட்டு, புஷ் நன்றாக வந்திருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று ஏதோ உளறி அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்தபோது அத்தான் செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்திருந்தார்.

 என் மேல் தடியை வீசுவார் என்று நினைத்தேன். வீசியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தன் காலைத் தடவிக்கொண்டே, அந்த இன்னொரு பெட்டி இருக்கிறது என்றாயே, அதைப் போட்டால் நாலு மணிக்குள் முடிந்துவிடுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அப்படியானால் போட்டுவிடு, இந்தப் பேச்சு இங்கேயே இருக்கட்டும் என்றார்.

எனக்குப் புரியவில்லை. உங்கள் காலை முறித்தவன் நான், இதைக் கேட்டுமா இப்படிச் சொல்கிறீர்கள் என்றேன்.

"என் கால் இனிமே வரப்போறதில்ல மாப்பிள்ளை," என்றார். குரல் நிதானமாக இருந்தது. "ஆனா சாயந்தரம் அஞ்சு மணிக்கு உங்க அக்கா வீட்ல இருக்கா. கால் வலிக்குதான்னு கேக்கறா. பக்கத்துல உக்காந்து சாப்பிடறா. இருபத்தாறு வருஷத்துல இந்தப் பதினொரு மாசந்தான் எனக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கா. நீ இதச் சொன்னா அவ நாளைக்கே வண்டியில ஏறிடுவா."

அப்புறம் என் பட்டறையைப் பற்றியும் சொன்னார். சொந்த அக்கா வண்டியிலேயே இப்படிப் பண்ணினவன் என்று தெரிந்தால் நாளைக்கு யார் வண்டி விடுவார்கள் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் கசப்பாக இருந்தது. என் பயம் எதுவோ அதை அவர் வாயால் அழகாக எடுத்து என் கையில் கொடுத்தார்.

நான் சரி என்றேன். யாரும் என் கழுத்தைப் பிடித்து நெரிக்கவில்லை. என் வாயால்தான் சொன்னேன்.

அதன்பிறகு நான் செய்த வேலை மாதிரி அந்தப் பட்டறையில் சுத்தமான வேலை நடந்தது கிடையாது. புதுப் பெட்டியை மாட்டினேன். முன் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இணைப்புத் தண்டைக் கழற்றிவிட்டு, வீலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சுற்றி எண்ணினேன். இரண்டரைச் சுற்று. ஒன்றேகாலில் நிறுத்தி, அதுதான் நடு என்று சாக்கட்டியால் குறி போட்டேன். ஸ்க்ரூவை இம்மி இம்மியாக முறுக்கி, நடுவில் விரலுக்கு ஒரு சின்னத் தடை தட்டுப்படுகிற இடத்தில் நிறுத்தி லாக் நட்டை இறுக்கினேன். ஒவ்வொரு நட்டையும் இரண்டு தடவை பார்த்தேன். வாசல்வரை தள்ளி, பின் ரோட்டில் நாலு சுற்று ஓட்டி, வேண்டுமென்றே ஒடித்துத் திருப்பிக் கையை விட்டேன். வீல் வழுக்கிக்கொண்டு நேருக்கு வந்தது. அன்றைக்கு இந்த ஒரு மணி நேரத்தைச் செலவழித்திருந்தால் போதும். அதை நினைக்க நினைக்க என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

வண்டியை வாசலுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் திரும்பியபோது மேஜைமேல் பழைய தண்டு இல்லை. அத்தான் அதைச் செய்தித்தாளில் சுற்றித் தன் துணிப்பைக்குள் வைத்து, பையை மடியில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். மணி மூன்றே முக்கால்.

டாக்டர்தான் முதலில் வந்தார். உட்கார்ந்து வீலை ஆட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. இப்போது ஒரு விரல்கூட இல்லையே, கைதேர்ந்த ஆள் நீங்கள் என்று என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பின்னாலேயே அக்கா வந்தாள். கடையிலிருந்து நேராக வந்திருந்தாள், கையில் காகிதக் கட்டு, தோளில் பை. வண்டியின் பக்கம் திரும்பவில்லை. அத்தானிடம் மாத்திரை போட்டாச்சா என்று கேட்டாள். போட்டாச்சு என்று அவர் சொல்ல, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

டாக்டருக்கு ஒரு ஆசை. இவ்வளவு நாள் ஓட்டினவர்கள் நீங்கள், ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பழகிக்கொள்கிறேன் என்றார். அக்கா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. வேண்டாம் என்றாள். அவர் மறுபடி கேட்டார். அப்போது காகிதக் கட்டை பானெட்டின் மேல் வைத்துவிட்டு, ஏதோ வாக்குமூலம் கொடுக்கிறவள்போல நிமிர்ந்து நின்றாள்.

"ஒண்ணு சொல்லிடறேன் டாக்டர். இந்த வண்டி ஒரு தடவ மோதியிருக்கு. தெரியாம வாங்கிட்டுப் போகாதீங்க. வண்டி மேல குத்தமே இல்ல. நான்தான் வளைவுல வீலை விடாம பிடிச்சுக்கிட்டேன். என் கையாலதான் இவருக்குக் கால் போச்சு. அதனால நான் ஓட்டறதில்ல. நீங்க பயப்படாம ஓட்டலாம்."

முன்பின் தெரியாத மனிதரிடம், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, இதைச் சொன்னாள். சொல்லும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். கடையில் ஒரு மில்லிகிராம் பிசகாமல் மருந்து எடுத்துக் கொடுக்கிற கை. அதை ஏதோ திருட்டுச் சாமானை மறைப்பதுபோல மறைத்தாள். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அக்கா, நீ பிடிக்கல," என்றேன். "கையை விட்டுட்டே. முந்தின நாள் நான் முறுக்கி வச்ச ஸ்டியரிங்தான் திரும்பி வரல. தப்பு என்னுது."

அத்தான் மாப்பிள்ளை என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். டாக்டர் நல்ல விவரமானவர். யாரோ கூப்பிட்டதுபோல போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  தூணைச் சொன்னேன், திரும்பி நின்ற டயரைச் சொன்னேன், நேராக்காமல் முறுக்கியதைச் சொன்னேன். தண்டின் நடுவில் அரைத்திருக்கிறது, பார்த்தாலே தெரியும் என்றேன். எங்கே அது என்று கேட்டாள். நான் அத்தானின் மடியைப் பார்த்தேன்.

அவள் அவர் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள். அவர் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் சண்டை போடவில்லை. குனிந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பையை எடுத்தாள். செய்தித்தாளைப் பிரித்து, தண்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மருந்துச் சீட்டு படிக்கிறவள்போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நடுவில் விரலை வைத்துத் தடவினாள். ஓரத்தைத் தடவினாள். மறுபடி நடுவைத் தடவினாள்.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"இன்னிக்குக் காலையில திறந்தப்பதான்..."

"அத எப்பத் திறந்தேன்னு நான் கேக்கல. எப்பத் தெரியும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பதை நெருங்கினவன், பட்டறையில் நாலு பேரை அழவைத்தவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். "ஆஸ்பத்திரியில நீ திரும்பி வரலன்னு சொன்னப்பவே தெரியும்," என்றேன்.

அவள் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். நான் பிறந்த நாளிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பவள் அப்போது ஒரு வார்த்தை திட்டவில்லை. அத்தானின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பார்த்தேன்னு சொன்னீங்க."

அத்தான் தடியின் பிடியை உருட்டினார். வலியில் என்ன சொன்னேனோ தெரியவில்லை, அப்படித்தான் பார்த்த மாதிரி இருந்தது, மயக்க மருந்து வேறு என்றார். அக்கா அவர் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"சங்கத்துல வழி எழுதிக் கொடுத்த தாள மடியில வச்சு அடுத்த திருப்பத்தப் படிச்சுட்டு இருந்தீங்க. தலைய நிமிர்த்தவே இல்ல," என்றாள். "எனக்கு அது நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா நீங்க பார்த்தேன்னு சொன்னதும், என் ஞாபகந்தான் தப்புன்னு நெனச்சுட்டேன். தினம் உங்க காலப் பிடிச்சு விடறப்பல்லாம் நெனச்சேன்."

 அத்தான் சொல்லக்கூடியதை எல்லாம் காலையில் என்னிடம் சொல்லியாகிவிட்டது, அதை அவளிடம் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

அக்கா வெளியே போய் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டாள். வண்டியைக் கொடுக்கிறதாக இல்லை என்று சொல்லிவிட்டாள். அவர் வருத்தப்பட்டாலும் வாதாடவில்லை, உள்ளே வந்து பானெட்டை ஒரு தடவை தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே வந்தவள் வண்டியைச் சுற்றி நடந்தாள். பதினொரு மாதத்தில் முதல் தடவையாக அதைக் கையால் தொட்டாள். நான் கொஞ்சம் தைரியம் வந்து, வேறு பெட்டி போட்டிருக்கிறேன், நடுவில் வைத்துத்தான் இறுக்கினேன் என்றேன்.

"இப்ப சரியா இருக்கா?"

"சரியா இருக்கு அக்கா. நானே ஓட்டிப் பார்த்துட்டேன்."

"நீ அன்னிக்கும் இதையேதான் சொன்னே," என்றாள்.

சொல்லிவிட்டு நேரே பக்கத்துக் கடைக்குப் போய் லேத்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். என் பட்டறையில், என் கண் எதிரே, நான் செய்த வேலையை இன்னொருத்தர் சோதிக்கவேண்டும் என்றாள். லேத்காரர் என் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். எவன் முறுக்கினான் என்பது அப்போது அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஒன்றும் கேட்காமல் வண்டிக்கு அடியில் படுத்தார். ஒவ்வொரு நட்டாக ஸ்பேனர் போட்டுப் பார்த்தார். இணைப்பைக் கழற்றி, வீலைக் கோடிக்குக் கோடி சுற்றி எண்ணி, நடுவைக் கண்டுபிடித்து, ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்தார். அரை மணி நேரம் ஆயிற்று. நான் பக்கத்தில் மண்டியிட்டு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் இப்படிப் பிடிங்க என்றார், பிடித்தேன். என்னிடம் வேலை கேட்டு வந்தவர்களை எல்லாம் நான் எப்படி மண்டியிட வைத்தேன் என்று அப்போது நினைப்பு வந்தது. அக்கா அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், என் பக்கம் பார்க்கவில்லை.

அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, சரியாக இருக்கிறது, தைரியமாக எடுங்கள் என்றார். அவர் சொன்ன பிறகுதான் அக்கா கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். இரண்டு தடவை அணைத்துவிட்டாள். மூன்றாவது தடவை எஞ்சின் பிடித்தது. அத்தான் தடியை ஊன்றி எழுந்து நின்றார், நானும் வருகிறேன் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தார். அவள் பக்கத்து சீட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நீங்க டாக்ஸி பிடிச்சு வந்துடுங்க," என்றாள். "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்."

வண்டி வாசலைத் தாண்டி மெதுவாகத் தெருவில் ஏறியது. நாங்கள் மூன்று ஆம்பளைகளும் வாசலில் நின்றோம்.  தெருமுனையில் அவள் வலது பக்கமாக ஒடித்துத் திருப்பினாள். கூரையில்லாத வண்டி, எல்லாம் தெரிந்தது. திருப்பம் முடிகிற இடத்தில் இரண்டு கையையும் வீலிலிருந்து எடுத்து, தோளுக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்துக் காட்டினாள். வீல் தானாகச் சுற்றி நேருக்கு வந்தது. எனக்குக் காட்டுவதற்காகத்தான் தூக்கினாள். அது கோபத்தில் தூக்கின கை. எனக்கு அது போதும்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மலைக்குப் போகிறாள். சில நாள் அத்தானையும் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று கேள்வி. என் வீட்டுக்கு வருகிறாள், சாப்பிடுகிறாள், என் பெண்டாட்டி முன்னால் என்னைப் பழையபடி திட்டுகிறாள். வண்டியை மட்டும் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருகிறாள். ஏதாவது சத்தம் கேட்டால் லேத்காரரிடம்தான் காட்டுகிறாள். அன்றைக்கு அப்புறம் அந்த வண்டியில் ஒரு நட்டைக்கூட நான் தொட்டது கிடையாது, தொடட்டுமா என்று கேட்டதும் கிடையாது.